கூண்டு தெரியாத தூரத்துக்கு ஒரு வானிலைப் படம்

கோலார் தங்க வயலின் சாம்பியன் ரீப்ஸ் கடல் இல்லாத ஊர். சென்னைக் கடற்கரை இங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஊர் நிற்பதோ கடல்மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில். பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரும் ரயில் தடத்தில் கோரமண்டல் என்று கடற்கரையின் பெயரைத் தாங்கிய ஒரு நிலையம் உண்டு. கடலோடு நமக்குள்ள உறவு அவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகிச் சென்னை, நெல்லூர்ப் பக்கம் கரையேறினால், தங்க வயலில் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டுக் கூரைகளிலும் மழை கொட்டுகிறது.

இன்னொன்றும் இங்கே வந்து சேர்கிறது. நடுக்கடலில் போகும் கப்பல்களுக்காகச் சிற்றலை வானொலியில் அனுப்பப்படும் வானிலை வரைபடம், நம் வீட்டு மாடியிலிருந்து எதிரே நிற்கும் முருங்கை மரத்துக்கு இழுத்துக் கட்டிய பத்து மீட்டர் செம்புக் கம்பியிலும் விழுகிறது. பிடிக்க ஒரு சிற்றலை ரேடியோவும் பழைய லேப்டாப்பும் போதும். இணையம் வேண்டாம், சந்தா வேண்டாம், யாரிடமும் கணக்குத் தொடங்க வேண்டாம். கடலில் இருக்கும் படகிலும் இதே கதைதான். 'ரேடியோ ஃபேக்ஸ்' என்று மாலுமிகள் சொல்லும் இந்தச் சேவை எப்படி இயங்குகிறது, நம் மீனவர்களுக்கு இது ஏன் தெரிந்திருக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

புயல் எச்சரிக்கைக் கூண்டு தெரியாத தமிழர் இல்லை. 'துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது' என்ற செய்தியைக் கேட்டே ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையும் கழிகிறது. ஆனால் கூண்டு கரையில் நிற்பவருக்கானது. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கடல் மைல் தாண்டிப் போய், வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்பவர்கள். படகில் இருக்கும் வயர்லெஸ் செட் கண்ணுக்கெட்டும் தொலைவைவிடச் சற்று அதிகம், அதாவது இருபது முப்பது கடல் மைல் வரைதான் பேசும். செல்போன் கோபுரம் அதற்கும் முன்பே கைவிட்டுவிடும். துரையா, இரிடியம் போன்ற செயற்கைக்கோள் தொலைபேசிகளுக்கு நம் நாட்டில் தடை.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பது தெரிந்தது. நவம்பர் 29-இல் இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாளே குமரிக் கடலில் புயலாகிவிட்டது. ஆழ்கடல் படகுகள் பல நாட்களுக்கு முன்பே கிளம்பிப் போயிருந்தன. கரையில் தொலைக்காட்சியும் ஒலிபெருக்கியும் சொன்ன எச்சரிக்கை அவர்களுக்குப் போய்ச் சேர வழியே இல்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கான மீனவர்கள் திரும்பி வரவில்லை. எச்சரிக்கை கொடுத்தார்களா, கொடுத்தார்கள் என்றால் எத்தனை மணிக்கு என்ற விவாதம் பிறகு நீண்ட நாள் நடந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கொடுத்த எச்சரிக்கை வேலை நடக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

இதைத் தங்க வயல் மக்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் வேலை செய்த தலைமுறைகள் வாழ்ந்த ஊர் இது. 'ஏர் பிளாஸ்ட்' என்று தொழிலாளர்கள் சொன்ன பாறை வெடிப்பு எப்போது வரும் என்பதைக் கண்டறிய, பூமிக்குள் அதிர்வுமானிகளைப் பதித்துக் காத்திருந்தார்கள். தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-இல் சாம்பியன் ரீப்ஸில் தொடங்கப்பட்டதற்கும் இந்த அனுபவமே அடிப்படை. இதே ஊரின் சுரங்கத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில்தான் 1965-இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, வளிமண்டலத்தில் உருவாகி வந்த நியூட்ரினோவின் தடத்தைப் பதிவு செய்தார்கள். மெல்லிய சைகையை இரைச்சலிலிருந்து பிரித்தெடுப்பது இந்த மண்ணுக்குப் பழக்கமான வேலை. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டாலும் அந்த அறிவு மூடப்பட வேண்டியதில்லை.

சரி, படம் எப்படிக் காற்றில் வருகிறது?

வானிலை நிலையத்தில் வரைபடத்தை மேலிருந்து கீழாக, வரி வரியாக வருடுகிறார்கள். கறுப்புப் புள்ளி வந்தால் 1,500 ஹெர்ட்ஸ் ஒலி, வெள்ளை வந்தால் 2,300 ஹெர்ட்ஸ் ஒலி. நிமிடத்துக்கு 120 வரிகள், அதாவது வினாடிக்கு இரண்டு. ஒவ்வொரு வரியிலும் ஏறத்தாழ 1,800 புள்ளிகள். சிற்றலை அயன மண்டலத்தில் பட்டுத் திரும்பி, சில ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இறங்குகிறது. ரேடியோவில் கேட்டால் வினாடிக்கு இரண்டு முறை கிரீச்சிடும் ஒரு சீரான சத்தம். பழைய ஆபீஸ் ஃபேக்ஸ் இயந்திரத்தைக் கேட்டவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். படம் தொடங்கும் முன் 300 ஹெர்ட்ஸ் தொனி சில வினாடிகள் வரும். முடிவில் 450 ஹெர்ட்ஸ். இந்த இரண்டையும் கேட்டு மென்பொருள் தானாகவே படத்தைத் தொடங்கி முடித்துக்கொள்ளும். ஒரு வரைபடம் வந்து முடியப் பத்து முதல் இருபது நிமிடம் ஆகலாம்.

முன்பெல்லாம் இதற்கென்றே காகிதச் சுருள் போட்ட தனி இயந்திரம் கப்பலில் இருக்கும். இப்போது லேப்டாப்பின் சவுண்ட் கார்டே போதும். ரேடியோவின் இயர்போன் துளையிலிருந்து லேப்டாப்பின் மைக் துளைக்கு ஒரு ஒயர். ஒயர் இல்லாவிட்டால் ஸ்பீக்கர் அருகே லேப்டாப்பை வைத்தாலும் படம் வரும், அறையில் யாரும் பேசாமல் இருந்தால். 'எஃப்எல்டிஜி' என்ற இலவச மென்பொருளில் இதற்கான பகுதி இருக்கிறது.

ரேடியோ விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிற்றலை இருக்கிறது என்பதற்காக எந்த ரேடியோவும் ஆகாது. எஸ்எஸ்பி (சிங்கிள் சைட்பேண்ட்) என்ற வசதி இருக்க வேண்டும். இலங்கை வானொலி கேட்ட பழைய டிரான்சிஸ்டரில் இது வராது. தனி ரேடியோவுக்குப் பதிலாகக் கணினியில் செருகும் எஸ்டிஆர் டாங்கிள் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. சிற்றலையைப் பிடிக்கும் வகையா என்று கேட்டு வாங்க வேண்டும். அடுத்தது, அட்டவணையில் அச்சிட்ட அலைவரிசையிலிருந்து 1.9 கிலோஹெர்ட்ஸ் கழித்து, அப்பர் சைட்பேண்டில் வைக்க வேண்டும். டோக்கியோவின் வானிலை ஃபேக்ஸ் 13,988.5 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால், ரேடியோவில் 13,986.6. முதல்முறை முயல்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான்.

நமக்குப் பயன்படும் நிலையங்கள் எவை? ஜப்பான் வானிலைத் துறையின் டோக்கியோ நிலையம் மேற்குப் பசிபிக்கைக் காட்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் வைலூனா என்ற இடத்திலிருந்து வரும் ஒலிபரப்பு இந்தியப் பெருங்கடலையும் சேர்த்துக் காட்டும். 15,615, 18,060 கிலோஹெர்ட்ஸ் ஆகியவை பகலில் கேட்க ஏற்ற அதன் அலைவரிசைகள். பாங்காக் 7,396.8-இல் வரும். பொதுவாக, பகலில் பெரிய எண், இரவில் சிறிய எண் என்று வைத்துக்கொண்டால் தப்பாது. இந்திய வானிலைத் துறையின் புதுதில்லி ஃபேக்ஸ் ஒலிபரப்பும் சர்வதேச அட்டவணைகளில் இடம்பெற்றது. வரைபடம் மட்டும்தான் என்றில்லை. ஜப்பானின் கியோடோ செய்தி நிறுவனம் தூரக்கடலில் இருக்கும் தன் நாட்டு மீனவர்களுக்கு நாளிதழ்ப் பக்கங்களையே இந்த வழியில் அனுப்பியது, சிங்கப்பூர் வழியாகவும்கூட. கடலில் இருப்பவனும் காலையில் பேப்பர் படிக்க வேண்டும் என்று ஒரு நாடு நினைத்திருக்கிறது. மனம் நிறையும் செய்தி.

தங்க வயலில் இதைப் பிடிக்க முயல்பவர் சந்திக்கும் முதல் எதிரி தூரமல்ல, வீட்டுக்குள் இருக்கும் மின்சாதனங்கள். லேப்டாப் சார்ஜர், எல்இடி பல்பு, இன்வெர்ட்டர் மூன்றும் சிற்றலையில் இரைச்சலைக் கொட்டுகின்றன. சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். வரைபடத்தை மூடியிருந்த கறுப்புக் கோடுகள் பாதி மறைந்துவிடும். படகிலும் இதே சிக்கல். இன்ஜினின் ஆல்டர்னேட்டரும் எல்இடி விளக்குகளும் ஓடும்போது வீல் ஹவுஸில் எதுவும் கேட்காது. அவற்றை நிறுத்தி, பாய்மரக் கம்பத்தின் உச்சிக்கு ஒரு கம்பியை இழுத்துக் கட்டினால் நகரத்தில் கிடைக்காத தெளிவு கடலில் கிடைக்கும். சுற்றிலும் மின்கம்பி இல்லாத இடமல்லவா!

இன்னொரு வழக்கமான தொல்லை, படம் சாய்வது. செங்குத்தாக நிற்க வேண்டிய தீர்க்கக்கோடுகள் பக்கவாட்டில் சரிந்து விழும். ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். லேப்டாப் சவுண்ட் கார்டின் கடிகாரம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலே, பத்து நிமிடப் படத்தின் கடைசி வரி அகலத்தில் எட்டில் ஒரு பங்கு தள்ளிப் போய்விடும். மென்பொருளில் 'ஸ்லான்ட்' என்ற திருத்தம் இருக்கிறது. ஒருமுறை சரிசெய்தால் அந்த லேப்டாப்புக்கு அது எப்போதைக்கும் பொருந்தும்.

படம் வந்துவிட்டது. அதை எப்படிப் படிப்பது? மூலையில் நேரம் போட்டிருக்கும், கிரீன்விச் கணக்கில். அதோடு ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம். 00 என்றால் நமக்கு அதிகாலை 5.30, 06 என்றால் முற்பகல் 11.30. நம் செய்திகளில் மழை அளவை 'காலை 8.30 மணி நிலவரப்படி' என்றே சொல்வதும் இதனால்தான். அது கிரீன்விச்சில் மூன்று மணி அவதானிப்பு. வளைந்து வளைந்து போகும் கோடுகள் ஒரே காற்றழுத்தம் உள்ள இடங்களை இணைப்பவை. கோடுகள் நெருங்கி நின்றால் காற்று பலம். காற்றைக் காட்டும் அம்பின் வாலில் அரைக்கோடு இருந்தால் 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்), முழுக்கோடு 10 நாட், முக்கோணக் கொடி 50 நாட். நம் அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வு மண்டலம் இடக்கைப் பக்கம் இருக்கும். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லி அறிந்த மீனவருக்கு இந்தக் கோடுகளைப் படிக்க ஒரு வாரப் பயிற்சி போதும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

குறைகளையும் சொல்ல வேண்டும். நிலநடுக்கோட்டை ஒட்டிய கடலில் அழுத்த வேறுபாடு குறைவு என்பதால் அங்கே கோடுகள் அகன்றே நிற்கும். அதைப் பார்த்து அமைதி என்று நம்பிவிடக் கூடாது. வரைபடம் பல மணி நேர இடைவெளியில் வருவது. ஒக்கி போல ஒரே நாளில் வீங்கும் புயலை அது முழுதாகப் பிடித்துவிடாது. ஒலிபரப்பு நிலையங்களும் உலகெங்கும் ஒவ்வொன்றாகக் குறைந்து வருகின்றன. 300 டன்னுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பல்கள் பாதுகாப்புத் தகவலைப் பெறும் கருவிகளை வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. மீன்பிடிப் படகு அந்த விதிக்குள் வருவதில்லை.

ஒக்கிக்குப் பிறகு நல்ல முயற்சிகள் நடந்திருக்கின்றன. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் நிறுவனத்தின் 'ஜெமினி' கருவி 2019-இல் வந்தது. ககன் அமைப்பின் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையைப் பெற்று மீனவரின் செல்போனில் காட்டும். ஒரு லட்சம் படகுகளில் இஸ்ரோவின் இருவழிக் கருவியைப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. இவை ரேடியோ ஃபேக்ஸைவிட வேகமானவை, இஸ்ரோவின் கருவி மீனவர் பதில் சொல்லவும் வழி தருவது. படகுக்கு முதலில் வேண்டியது இவைதான். ஆனால் இவை தருவது ஒரு வரிச் செய்தி. புயல் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் ஓடினால் தப்பலாம் என்பதை ஒரே பார்வையில் காட்டுவது படம். சைகை பாதி சிதைந்தாலும் படத்தில் கோடு கோடாக அழுக்கு விழுமே தவிர, தாழ்வு மண்டலத்தின் வட்டம் கண்ணுக்குத் தெரியும். எழுத்துச் செய்தியில் ஒரு எண் சிதைந்தால் எச்சரிக்கையே மாறிவிடலாம். கருவி பழுதானாலும் கட்டணம் கட்டாவிட்டாலும் சிற்றலை வந்துகொண்டேதான் இருக்கும்.

எனவே இரண்டு வேண்டுகோள்கள். வட இந்தியப் பெருங்கடலின் புயல்களை முன்னறிவிக்கும் பொறுப்பு உலக வானிலை அமைப்பின் ஏற்பாட்டில் புதுதில்லி மையத்திடம் இருக்கிறது. வங்கக் கடலுக்கும் அரபிக் கடலுக்குமான தெளிவான வரைபடத்தை, குறைந்தது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலாவது, நாளுக்கு நான்கு வேளை சிற்றலையில் அது ஒலிபரப்ப வேண்டும். மீன்வளத் துறை தூத்தூர்ப் பகுதியின் படகு டிரைவர்களுக்கு அதைப் பிடித்துப் படிக்கும் பயிற்சியைத் தமிழில் தர வேண்டும்.

இன்னொன்று, தங்க வயலின் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு. ஒரு கம்பி, ஒரு ரேடியோ, வீட்டில் இருக்கும் லேப்டாப் இவற்றை வைத்து இந்தப் பருவமழைக் காலத்தில் வைலூனாவின் 15,615-ஐப் பகலில் முயன்று பாருங்கள். ரேடியோவில் வைக்க வேண்டிய எண் 15,613.1.