ஈரம் காய்வதற்குள்

தாராவி 90 அடி ரோட்டில் டீ ஆறிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி கிளாஸைத் தொடவில்லை.

"அப்பா மாத்திரை ஒழுங்காத்தான் போடுதாவ. நடுக்கம்கூட கொறஞ்சிருக்கு. விழுததுதான் நிக்கல. தலையில கரண்ட் வச்சா சரியாயிரும்னு போன்ல பாத்தேன். வச்சிருவோமா?"

அவர் அப்பாவைப் பார்த்திருக்கிறேன். பத்துக்குப் பத்து அறை. வாசல்படிக்கு வந்ததும் உடம்பு முன்னே சாயும், கால் மட்டும் தரையில் ஒட்டிக்கொள்ளும். அப்பாவுக்கு வந்திருக்கும் பார்க்கின்சன் நோயில் நடுமூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிகின்றன. லெவோடோபா மாத்திரை அந்தக் குறையை ஈடுகட்டுவதால் விறைப்பும் மந்தமும் தணியும். உடம்பின் சமநிலை டோபமைனை மட்டும் நம்பி இல்லை. அதனால்தான் மாத்திரை அங்கே அவ்வளவாக எடுபடுவதில்லை.

சரி, கரண்ட்? தலையைத் திறக்காமல், ஈரப் பஞ்சு சுற்றிய இரண்டு பட்டைகளை வைத்து ஒன்று, இரண்டு மில்லி ஆம்பியர் செலுத்துவார்கள், இருபது நிமிடம்போல. ஊசி குத்துவதுபோல் லேசாகச் சுருக்கென்று இருக்கும். அந்த மின்னோட்டம் காலை அசைக்காது; நரம்பு செல்களை எளிதில் தூண்டப்படும் நிலைக்குக் கொண்டுவரும், அவ்வளவுதான். 2000-இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஆய்வாளர்கள் நீட்ச்சேயும் பாவுலஸும் காட்டியது, மின்னோட்டத்தை நிறுத்திய பிறகும் சில நிமிடங்களுக்கு அந்த மாற்றம் நீடிக்கிறது என்பதை.

"மழை பெஞ்ச ஈரம் மாதிரி அண்ணாச்சி. காயுததுக்குள்ள உழணும். உழாம விட்டா ஈரத்தால என்ன பிரயோசனம்?"

உழவு என்பது இங்கே பயிற்சி. அதனால்தான் இரண்டையும் சேர்த்துச் செய்து பார்க்கிறார்கள். சின்னச் சின்ன ஆய்வுகளில் சிலருக்கு நடை தேறியது. வேறு சிலவற்றில், பட்டை மாட்டிவிட்டுக் கரண்ட் விடாமல் பயிற்சி மட்டும் கொடுத்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறினார்கள். எனக்கு இந்த இரண்டாவது செய்திதான் பெரிது. கரண்ட் இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது. பயிற்சி இன்றைக்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆன்லைனில் கருவி வாங்கி வீட்டில் மாட்டவே கூடாது. வலிப்பு வந்தவர்கள், தலைக்குள் உலோகமோ நெஞ்சில் பேஸ்மேக்கரோ வைத்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிட்டவே போகக் கூடாது.

மாத்திரை வேலை செய்யும் நேரம் பார்த்துப் பழகலாம். வாசலுக்கு முன் தரையில் குறுக்கே கலர் டேப் ஒட்டி, அதைத் தாண்டி வைப்பதாக நினைத்துக் காலைத் தூக்கச் சொல்லலாம். கண் கோட்டைப் பிடித்துக்கொண்டால் ஒட்டிய கால் பலருக்கும் விடுபடும். நின்ற இடத்திலேயே சுழலாமல் வளைந்து திரும்ப வேண்டும். எது எவ்வளவு என்பதை ஃபிஸியோதெரபிஸ்ட் நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மும்பையில் 2001 முதல் இயங்கும் பார்க்கின்சன் நோய் மற்றும் இயக்கக் கோளாறு சங்கம் இதற்கென்றே குழுக்கள் நடத்துகிறது.

"ஒண்ணு மட்டும் மறந்திராதிய. பழகும்போது விழாமப் புடிக்க பின்னால ஒரு ஆள் நிக்கணும்."

அண்ணாச்சி கணக்குப் போட்டார். அவருக்கு ராத்திரி ஷிஃப்ட்.

"சாயங்கால மாத்திரை அஞ்சு மணிக்கு. பெரியவன் அஞ்சரைக்கு ஸ்கூல் விட்டு வந்திருவான். அவன நிக்கச் சொல்லுதேன்."