மல்லி விலை மலைக்க வைக்கிறதா? மாடித் தோட்டத்துப் பூவிலேயே பொங்கல் பூங்கொத்து!

மார்கழிப் பனி இறங்கினால் மல்லிகைச் செடி மொட்டு வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து கோயில் பூஜை, பொங்கல், தை முகூர்த்தம் என்று தேவை கூடும். மதுரையில் மல்லி விலை எகிறியது என்று வருடா வருடம் செய்தி வருவது இதனால்தான்.

ஆனால் அதே பனியில்தான் மாடித் தொட்டியில் சாமந்தி கொத்துக்கொத்தாகப் பூக்கிறது. கூடவே ரோஜா, கோழிக்கொண்டை, வாடாமல்லி, சம்பங்கி என்று ஏதோ இரண்டு மூன்று இருந்தால் போதும். விருந்தாளிகள் வரும் நாளில் ஹாலுக்கு ஒரு பூங்கொத்து தயார்.

சிக்கல் ஒன்றுதான். நம் வீடுகளில் பூ பறிப்பதே தொடுப்பதற்காக. காம்பைக் கிள்ளி, பூவை மட்டும் கூடையில் போட்டே கை பழகிவிட்டது. பூங்கொத்துக்கோ ஒரு சாண் காம்பாவது வேண்டும். 'செடி பட்டுப்போயிடும்' என்று பாட்டி பதறலாம். ரோஜாவும் சாமந்தியும் வெட்ட வெட்டப் பக்கக் கிளை விடுகிற செடிகள்தான். பக்கத்தில் மொட்டு இருந்தால் மட்டும் அதற்கு மேலே வெட்டுங்கள்.

முதல் நாள் மாலை செடிக்கு நன்றாகத் தண்ணீர் விட்டு, மறுநாள் வெயில் ஏறுவதற்குள் வெட்ட வேண்டும். ரோஜாவை மொட்டு அவிழத் தொடங்கும்போதும், சாமந்தியை முழுதாக விரிந்த பிறகும் எடுக்கலாம். சம்பங்கி கீழிருந்து மேலாக மலரும். அடியில் இரண்டு மூன்று பூ விரிந்ததுமே வெட்டினால், மீதி மொட்டுகள் வீட்டுக்குள் ஒவ்வொன்றாக மலர்ந்து வாசம் தரும். வெட்டியதும் காம்பு வாளித் தண்ணீரில் இருக்கட்டும்.

ஜாடி இல்லையா? பித்தளைச் சொம்பு இருக்கிறதே! முதலில் பச்சை இலைகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகுங்கள். பூக்கள் சாயாமல் நிற்க அதுவே பிடிமானம். துளசியை அலங்காரத்துக்குப் பறிக்கத் தயங்குபவர்கள் திருநீற்றுப் பச்சிலையோ மரிக்கொழுந்தோ எடுக்கலாம். உயரமான சம்பங்கி நடுவில், சாமந்தி சுற்றிலும், இடைவெளிகளில் வாடாமல்லி. யாருக்காவது பரிசாகக் கொடுப்பதென்றால் ரிப்பன் எதற்கு? ஈர வாழைநாரால் கட்டினால் நம்ம ஊர் அழகு!

தண்ணீருக்குள் இலை மூழ்கினால் அழுகி நாறும், உருவிவிடுங்கள். தினமும் தண்ணீர் மாற்றும்போது காம்பின் நுனியைச் சாய்வாகக் கொஞ்சம் நறுக்கினால் சாமந்தி ஒரு வாரம் வரை தாங்கும். பொங்கலுக்கு வாங்கிய வாழைத்தாரைப் பக்கத்தில் வைக்காதீர்கள். பழுக்கும் பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் வாட வைக்கும்.

அரளி எவ்வளவு அழகாகப் பூத்திருந்தாலும் குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம். பூ, இலை, காம்பு எல்லாமே விஷம். அது நின்ற தண்ணீரும் ஆபத்து.

மற்ற பூக்கள் உதிர்ந்த பிறகும் வாடாமல்லி நிறம் மாறாமல் இருக்கும். நன்றாகக் காய்ந்ததும் கையால் கசக்கினால் உள்ளே விதை. ஆடி வரை காகிதத்தில் மடித்து வையுங்கள்.