வடுவூர் ஏரியும் அதை நாடி வரும் பக்ஷிகளும்

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடிக்குச் செல்லும் சாலையிலுள்ள வடுவூர், கோதண்டராமர் சந்நிதியினால் வெகுகாலமாகப் பேர் பெற்ற ஊர். அதன் ஏரி 1999-ஆம் வருஷத்தில் பக்ஷிகள் சரணாலயமாக்கப்பட்டது. ஈரான் தேசத்து ராம்சார் நகரில் 1971-இல் ஏற்பட்ட நீர்நிலை ஒப்பந்தத்தின் ஜாபிதாவில் 2022-இல் அதுவும் சேர்க்கப்பட்டது. திருத்துறைப்பூண்டி தாலூகாவைச் சேர்ந்த உதயமார்த்தாண்டபுரத்து ஏரிக்கும் அதே வருஷத்தில் அக்கௌரவம் கிடைத்தது. இவை இரண்டும் காட்டு ஏரிகளல்ல. காவேரி நீரால் நிரம்பும் பாசன ஏரிகள். ஆகவே இவற்றின் க்ஷேமம் வன இலாகாவை மாத்திரம் பொறுத்ததன்று. ஆயக்கட்டுதாரர்களையும் கிராம அதிகாரிகளையும் பொறுத்ததாகும்.

மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம். வாய்க்கால்களில் நீர் வந்து, வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து ஏரி பெருகியபின், கிளுவை, ஊசிவால் வாத்து, நாமக்கோழி, நீர்க்காகம், கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் முதலியவை கூட்டங்கூட்டமாக வந்து இறங்கும். நல்ல நீருள்ள வருஷத்தில் நவம்பர் மாதத்தில் வடுவூரில் 20,000-க்கு மேற்பட்ட பக்ஷிகள் இருக்கும். அணை திறப்புத் தாமதித்து ஏரியும் நிரம்பாத வருஷங்களில் வரவும் குறைந்துவிடும். ஏப்ரலுக்குமேல் ஏரி பெரும்பாலும் வறண்டு கிடக்கும்.

இப்பக்ஷிகளால் பயிருக்கு நன்மையா, தீமையா என்பதே மிராசுதார்கள் முதலில் கேட்கும் கேள்வி. அது நியாயமான கேள்வியே. தீமை அறவே இல்லையென்று சொல்வது உண்மையாகாது. தாழைக்கோழி இளம் நெற்பயிரைக் கடித்துப் போடும். வாத்தினங்கள் இரவில் நாற்றங்காலில் இறங்கி மிதித்து நஷ்டம் விளைவிப்பதும் உண்டு. ஆனால் நத்தைகுத்தி நாரையைப் பார்த்தால் கணக்கு மாறும். அதன் அலகின் நடுவே இடைவெளி உண்டு. வயல் நத்தையைக் கிளிஞ்சலிலிருந்து இழுத்துத் தின்பதற்கென்றே அமைந்த அலகு அது. கொக்கினங்களோ, உழவின்போது ஏரின் பின்னாலேயே நடந்து புழு பூச்சிகளைப் பொறுக்குகின்றன. இவற்றுக்கெல்லாம் மேலாக, மரங்களில் கூடியிருக்கும் ஆயிரக்கணக்கான பக்ஷிகளின் எச்சம் நீரில் கரைந்து தழைச்சத்தும் மணிச்சத்துமாக மடைவழியே வயலுக்குச் செல்கிறது. அவ்வித நீர் பாயும் நிலத்தில், மண் பரீக்ஷை செய்து பாராமல் யூரியாவை வழக்கம்போல் இறைப்பது பணவிரயம், பயிரும் சாய்ந்துபோகும்.

எச்சத்தின் இந்த மதிப்பை நன்கு அறிந்தவர்கள் செங்கற்பட்டுச் சீமையைச் சேர்ந்த வேடந்தாங்கல் குடியானவர்கள். சிப்பாய்கள் தங்கள் ஏரியில் நாரைகளைச் சுட்டபோது, அவர்கள் கலெக்டரிடம் முறையிட்டு, கூடுகட்டும் பக்ஷிகளை எவரும் சுடலாகாதென்று 1798-இல் கௌல் பெற்றார்கள். 1858-இல் அதைப் புதுப்பித்துக் கொண்டார்கள். நாட்டில் வனவிலங்குச் சட்டம் என்ற பேரே தோன்றாத காலத்தில், ஒரு கிராமம் தன் உரத்தைக் காக்கப் பக்ஷிகளைக் காத்தது. இன்று அவ்வூருக்கு ஒவ்வொரு பருவத்திலும் வெளியூர் ஜனங்கள் திரளாக வருகிறார்கள்.

காவேரிப் பிரதேசத்தில் நிலைமை அவ்வளவு திருப்திகரமாக இல்லை. வலை வைத்தும் கண்ணி வைத்தும் நீர்ப்பக்ஷிகளைப் பிடித்து விற்கும் வியாபாரம் இப்பகுதியில் முற்றிலும் ஒழிந்தபாடில்லை. 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றம். பிடிக்கிறவர்கள் ஏழைகள், நாற்றைக் காப்பதாக எண்ணி வயற்காரர்கள் கண்டும் காணாதிருக்கிறார்கள். தண்டனையால் மாத்திரம் இது நிற்காது. மலையாள எல்லையில், தேக்கடியை அடுத்த பெரியாறு வனத்தில், பட்டை உரிக்கக் களவாகக் காட்டிற்குள் புகுந்து வந்தவர்களையே 1990-களின் பிற்பகுதியில் காவலர்களாகவும் பிரயாணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் மாற்றினார்கள். காட்டின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்தவனைவிடச் சிறந்த வழிகாட்டி யார்? இரவில் எந்தப் பக்ஷி எங்கே இறங்கும் என்று வலைக்காரனுக்குத் தெரியும் அளவு படித்தவர்களுக்குத் தெரியாது.

கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் இடையிலுள்ள பிச்சாவரம் மற்றொரு உதாரணம். அங்குள்ள சதுப்புநிலக் காட்டில், முற்காலத்தில் மரங்களை மொத்தமாக வெட்டியதனால் தரை அமிழ்ந்து, கடல்நீர் தேங்கி உப்பேறி, பல இடங்கள் மொட்டையாகிவிட்டன. பின்னர், மீன்முள்போல் கிளை வாய்க்கால்கள் வெட்டி வேலியேற்ற நீர் வந்து வடியச் செய்து, கிராமத்தாரையும் சேர்த்துக்கொண்டு கன்றுகளை நட்டார்கள். வடிகால் இல்லாத நிலத்தின் கஷ்டத்தை அறிந்த டெல்டாக் குடியானவருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை எழுந்தபோது, அக்காட்டின் மறைவிலிருந்த குப்பங்களுக்குச் சேதம் குறைவாயிருந்தது. கிள்ளைப் பக்கத்துத் துடுப்புக்காரர்கள் பலருக்கு, பிரயாணிகளைப் படகில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவது ஜீவனமாகியிருக்கிறது.

வடுவூரில் படகு கூடாது. பக்ஷிகள் மிரண்டு எழுந்துவிடும். கரையிலும் பார்வைக் கோபுரத்திலும் நின்று காண்பதே முறை. ஆனால் ஒரு நாழிகை நின்று பார்த்துவிட்டு மோட்டாரில் திரும்பிவிடுபவரால் ஊருக்கு ஒரு காசும் மிஞ்சாது. சந்நிதிக்கு வரும் யாத்திரிகர்களையும் ஏரிக்கு அழைத்துச் செல்ல உள்ளூர்ப் பிள்ளைகளைப் பழக்குவதும், விடியற்காலையில் வருவோருக்குச் சிற்றுண்டி அளிக்கும் பொறுப்பை மகளிர் சுய உதவிக் குழுவிடம் விடுவதும் பெரிய முதல் வேண்டாத காரியங்கள். வசூலில் ஒரு பாகத்தை நாற்றங்கால் இராக்காவலுக்கு ஒதுக்கினால், வயற்காரரின் மனத்தாங்கலும் தணியும். இவ்விஷயத்தில் பஞ்சாயத்தார் வன அதிகாரிகளுடனும் பொதுப்பணி இலாகாவினருடனும் முன்னதாகவே கலந்து பேசிக்கொள்வது நலம்.

ஏரி வறண்டிருக்கும் ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான மாதங்களே கரையைப் பலப்படுத்தவும், அனுமதி பெற்று வண்டல் எடுக்கவும் ஏற்றவை. அப்போது ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களை விறகுக்காக வெட்டாமலும், வேரைச் சுற்றியுள்ள மண்ணைத் தோண்டாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அக்டோபர் தொடங்குமுன் மடைகளைச் செப்பனிட்டு முடித்துவிடலாம். தீபாவளி வாணவெடிகள் ஏரிக்கரைப் பக்கம் வேண்டாமென்று அதற்குள்ளாகவே ஊரில் தண்டோராப் போட்டுவிடுவது நல்லது.