கேமரா பை அஞ்சு, தூக்கிட்டுப் போறது ஒண்ணு: மீதி நாலுல முடங்கிக் கிடக்கிற பணம் எவ்வளவு?



சம்பளம் வர ஆரம்பிச்ச முதல் ரெண்டு மூணு வருஷத்துல நம்மில் பலர் ஆசைப்பட்டு வாங்குற பெரிய பொருள் கேமரா. அதுல தப்பே இல்லை. கோவில்பதாகையில இருக்குறவங்களுக்கு ஞாயிறு காலையில பறவை எடுக்க பருத்திப்பட்டு ஏரி இருக்கு. பங்குனியில அறுபத்துமூவர் திருவிழா எடுக்கணும்னா ஆவடியில ரயில் ஏறி மயிலாப்பூர் போயிட்டு வரலாம். நல்ல பொழுதுபோக்கு.

கேமரா வாங்குறப்போ பத்து வீடியோ பார்த்து, நாலு கடையில விலை கேட்டுத்தான் வாங்குறோம். ஆனா பை வாங்குறப்போ? ஆஃபர் வந்தா ஒண்ணு, புது லென்ஸ் வந்தா ஒண்ணு. கடைசியில பீரோ மேல அஞ்சு பை. இந்தப் பதிவுல அந்தப் பைகளோட உண்மையான செலவையும், இனி பை வாங்காம பொருளை ஒழுங்கா வைக்கிற வழியையும் பார்க்கலாம்.

பை ஏன் பெருகுது?

பிரெஞ்சு எழுத்தாளர் தெனி திதரோ 1769-ல ஒரு கட்டுரை எழுதினார். அவருக்கு அழகான புது அங்கி ஒண்ணு கிடைச்சுது. அதுக்குப் பக்கத்துல வீட்டுல இருந்த நாற்காலி, மேஜை எல்லாமே பழசாத் தெரிஞ்சுது. ஒவ்வொண்ணா மாத்தினார், செலவு ஏறிக்கிட்டே போச்சு. 1988-ல மானுடவியலாளர் கிராண்ட் மெக்ராக்கன் இதுக்கு 'திதரோ விளைவு'ன்னு பேர் வெச்சார்.

நம்ம கதையும் அதேதான். புது லென்ஸ் பழைய பையில அடங்கலை, பெரிய பை வாங்குறோம். அது ரயில்ல தூக்க கனமா இருக்கு, சின்ன ஸ்லிங் பை வாங்குறோம். எல்லாத்துக்கும் பொருந்துற ஒரே பைன்னு ஒண்ணு கிடையாது. அதைத் தேடுற வரைக்கும் செலவு நிக்காது.

ஒரு தடவைக்கு எவ்வளவு?

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். ரெண்டு வருஷத்துல ஒருத்தர் 48 தடவை கேமராவோட வெளியே போயிருக்கார்னு வெச்சுக்குங்க.

- 2,800 ரூபாய் பை: 40 தடவை
- 3,500 ரூபாய் பை: 3 தடவை
- 4,500 ரூபாய் பை: 2 தடவை
- 6,000 ரூபாய் பை: 3 தடவை
- 1,200 ரூபாய் ஸ்லிங் பை: ஒரு தடவைகூட இல்லை

முதல் பைக்கு ஒரு தடவைக்கு ஆன செலவு 70 ரூபாய். மீதி நாலு பைக்கும் சேர்த்து 15,200 ரூபாய், மொத்தம் 8 தடவை. அப்போ ஒரு தடவைக்கு 1,900 ரூபாய்! கைக்கு 30,000 சம்பளம் வர்றவருக்கு அந்த 15,200 பாதி மாச உழைப்பு. இதே நபர்கிட்ட திடீர்னு ஆஸ்பத்திரி செலவு வந்தா எடுக்க 10,000 ரூபாய் தனியா இருக்கான்னு கேட்டுப் பாருங்க. பிரச்சனை பையில இல்லை, அங்கதான் இருக்கு.

இதுல வரியும் உண்டு. கேமரா பைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 6,000 ரூபாய் பில்லுல சுமார் 915 ரூபாய் வரி. மாதச் சம்பளக்காரருக்கு அது எந்த வழியிலயும் திரும்பி வராது.

'நோ காஸ்ட் இஎம்ஐ' உண்மையில இலவசமா?

கடன்ல வட்டி பூஜ்யம்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லயே வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. அதனால இப்போ வட்டி அளவுக்குத் தள்ளுபடி கொடுத்துட்டு, அந்த வட்டியை வங்கி தனியா வசூலிக்குது. வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி நம்ம தலையில. செயலாக்கக் கட்டணம் இருந்தா அதுவும், அதுக்கு ஜிஎஸ்டியும் சேரும்.

6,000 ரூபாய் பைக்கு வட்டி 150, கட்டணம் 199-ன்னு வெச்சா, வரியெல்லாம் சேர்த்து கூடுதலா சுமார் 262 ரூபாய் போகும். அதாவது விலையில 4 சதவீதத்துக்கு மேல. கட்டணம் எவ்வளவுன்னு பார்க்காம பட்டனை அழுத்தாதீங்க.

பைக்குள்ள ஒளிஞ்சிருக்கிற செலவு

பை நிறைய இருந்தா எந்தப் பொருள் எதுல இருக்குன்னு தெரியாது. மெமரி கார்டு கிடைக்கலைன்னு இன்னொண்ணு வாங்குவோம். ரெண்டு மாசம் கழிச்சு பழசு ஏதோ ஒரு ஜிப்புக்குள்ள இருந்து வெளியே வரும். பேட்டரி, சார்ஜர், ஃபில்டர் எல்லாத்துக்கும் இதே கதி.

அதைவிடப் பெரிய செலவு பூஞ்சை. நம்ம ஊர்ல அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் காத்துல ஈரம் அதிகம். பைக்குள்ள இருக்கிற ஸ்பாஞ்சும் துணியும் அந்த ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். மூடின பைக்குள்ள மாசக்கணக்குல இருட்டுல கிடக்குற லென்ஸ்ல பூஞ்சை வர அது போதும். கண்ணாடி மேல இருக்கிற பூச்சை அது அரிச்சிட்டா, சுத்தம் பண்ணினாலும் தடம் போகாது. விக்கும்போது விலையும் விழும். பை எடுத்துட்டுப் போகத்தான், வெச்சுக் காப்பாத்த இல்லை.

ஒழுங்குபடுத்த நாலு படி

1. எல்லாப் பையையும் பாய் மேல கொட்டுங்க. ஒவ்வொரு பொருளையும் போன்ல குறிச்சு வைங்க: பேரு, வாங்கின விலை, கடைசியா எப்போ எடுத்தீங்க. சீரியல் நம்பரையும் பில்லையும் போட்டோ எடுத்துக்குங்க. திருடு போனா புகார் கொடுக்க உதவும்.

2. லென்ஸுக்கும் கேமராவுக்கும் வீட்டுல ஒரே இடம். ரப்பர் விளிம்பு வெச்ச காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர் போதும். மீட்டர் 40-50 சதவீதத்துக்குள்ள இருக்கட்டும். நீல சிலிக்கா ஜெல்லுல கோபால்ட் குளோரைடு இருக்கும், அதனால ஆரஞ்சு வகையை வாங்குங்க. நிறம் மாறினா சூடுபடுத்தித் திரும்பப் பயன்படுத்தலாம், ஆனா சமையல் பாத்திரத்துல வேண்டாம்.

3. கார்டு, பேட்டரி, கேபிள் எல்லாம் ஒரே பவுச்சுல. எந்தப் பையை எடுத்தாலும் அந்தப் பவுச்சைத் தூக்கி உள்ள போட்டா வேலை முடிஞ்சுது.

4. ரெண்டு பை மட்டும் வைங்க. தினசரிக்கு ஒரு சின்னது, கல்யாண வேலைக்கோ வெளியூருக்கோ ஒரு பெரியது. உள்நாட்டு விமானத்துல கையில எடுத்துட்டுப் போற பைக்கு பொதுவா 7 கிலோதான். பையே 2 கிலோ இருந்தா பொருளுக்கு மிஞ்சுறது 5 கிலோ. ஜிப் போயிடுச்சுன்னா பை தைக்கிறவர்கிட்ட ரன்னர் மட்டும் மாத்துங்க.

மீதிப் பையை வித்துடுங்க

இன்னிக்குக் கிடைக்கிற விலை அடுத்த வருஷம் கிடைக்காது. விக்கும்போது ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: யுபிஐ-ல பணம் வாங்க பின் நம்பர் போடவே தேவையில்லை. "பணம் அனுப்புறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க"ன்னு யாராவது சொன்னா, அது மோசடி.

நாலு பைக்கு பாதி விலை கிடைச்சாக்கூட 7,600 ரூபாய். அதை அப்படியே அவசரகால நிதிக்கு ஒதுக்குங்க. கண்ணுல படுற கணக்குல வைக்காதீங்க, அடுத்த ஆஃபர்ல போயிடும். பை வாங்க மாசாமாசம் போன காசை ஆர்டி-ல போட்டா, நிஜமாவே தேவைப்படுற லென்ஸை ஒருநாள் இஎம்ஐ இல்லாம வாங்கலாம்.

இனி புதுப் பை கார்ட்ல ஏறும்போது ஒரே கேள்வி: இது வந்தா எந்தப் பை வெளியே போகும்? பதில் இல்லைன்னா, கார்ட்ல இருந்து எடுத்துடுங்க. இந்த வாரக் கடைசியில ஒரு மணி நேரம் ஒதுக்கி முதல் படியை மட்டும் முடிங்க நண்பர்களே. அடுத்த வீடியோவுல சந்திப்போம்!