எட்டாம் வகுப்பு என்எம்எம்எஸ் தேர்வு: பாஸ் ஆன பிறகும் பணம் கைவிட்டுப் போவது ஏன்?

இந்த எபிசோடு, அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ ஏழாவது, எட்டாவது படிக்கிற பிள்ளைகளோட அப்பா அம்மாவுக்காக. குறிப்பா ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி பக்கம் இருக்கிறவங்களுக்கு. ஏன் இந்தப் பக்கம்னு கடைசியில சொல்றேன்.

எட்டாவதுல ஒரு தேர்வு இருக்கு. முழுப் பேரு தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு. சுருக்கமா என்எம்எம்எஸ். 2008ல மத்திய அரசு ஆரம்பிச்ச திட்டம். நாடு முழுக்க வருஷத்துக்கு ஒரு லட்சம் பேருக்குக் கொடுக்கிறாங்க. அதுல தமிழ்நாட்டோட பங்கு 6,695. தேர்வான பிள்ளைக்கு ஒன்பதாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் மாசம் 1,000 ரூபாய், வருஷத்துக்கு 12,000. நாலு வருஷத்துக்கு 48,000.

இந்தப் பணம் எதுக்குன்னு புரிஞ்சுக்கணும். எட்டாவது முடிச்ச பிள்ளை, குடும்பக் கஷ்டத்துல படிப்பை விட்டுடக் கூடாது, பன்னிரண்டாவது வரைக்கும் பள்ளியிலேயே இருக்கணும். அதுதான் திட்டத்தோட நோக்கம். சிப்காட் கேட்டுக்கு முன்னாடி தினமும் வேலைக்கு ஆள் எடுக்கிற ஊர்ல, பதினாலு பதினஞ்சு வயசுப் பையனைப் பள்ளியிலேயே வச்சிருக்கிறது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்கே தெரியும்.

யார் எழுதலாம்?

ஏழாவது முழு ஆண்டுத் தேர்வுல 55 சதவீதம் எடுத்திருக்கணும். எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு 50. குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள்ள இருக்கணும். அப்பாவுக்கு மாசம் 15,000 சம்பளம்னா வருஷத்துக்கு 1,80,000, தாராளமா உள்ள வருது. அம்மாவும் அதே அளவு சம்பாதிச்சா 3,60,000, வெளியே போயிடுது. அதனால முதல்லயே கணக்குப் போட்டுப் பாத்துட்டு, இ-சேவை மையத்துல வருமானச் சான்றுக்கு விண்ணப்பிச்சுடுங்க. கடைசி வாரம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

தனியார் பள்ளி, கேந்திரிய வித்யாலயா, சைனிக் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது கிடையாது. தங்குமிடம், சாப்பாடு, படிப்பு மூணையும் மாநில அரசே தர்ற உறைவிடப் பள்ளிகளுக்கும் கிடையாது. விண்ணப்பம் பள்ளி வழியாத்தான் போகணும். கட்டணம் 50 ரூபாய்.

தேர்வு எப்படி இருக்கும்?

நடத்துறது அரசுத் தேர்வுகள் இயக்ககம். ஒரே நாள்ல ரெண்டு தாள். முதல் தாள் மனத்திறன், 90 கேள்வி, 90 நிமிஷம். ரெண்டாவது தாள் படிப்பறிவு, அதுவும் 90 கேள்வி, 90 நிமிஷம். ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம்தான். ஓஎம்ஆர் தாள்ல வட்டத்தைக் கறுப்பாக்கணும். தப்பான விடைக்கு மார்க் குறைக்க மாட்டாங்க, அதனால ஒரு வட்டம் கூட காலியா இருக்கக் கூடாது.

படிப்பறிவுத் தாள்ல அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. அதாவது 90ல 70 கேள்வி, 7, 8 வகுப்பு அறிவியல், சமூக அறிவியல் புத்தகத்துல இருந்து வருது. இதுக்குத் தனியா கைடு வாங்கணும்னு அவசியம் இல்ல. புத்தகத்தை வரிவரியாப் படிச்ச பிள்ளைக்கு இது கை வந்துடும்.

மனத்திறன் தாள்தான் புதுசா இருக்கும். ஒரு மாதிரி பாப்போம்: 4, 9, 19, 39, அடுத்து என்ன? வித்தியாசத்தை எழுதுங்க: 5, 10, 20. ஒவ்வொரு தடவையும் ரெண்டு மடங்கு. அடுத்த வித்தியாசம் 40. விடை 79. இப்படி எண் தொடர், எழுத்துக் குறியீடு, திசை, உருவப் படம்னு சில வகைகள்தான் திரும்பத் திரும்ப வரும். பழைய வினாத்தாளை எடுத்து வகைவகையாப் பிரிச்சுப் பயிற்சி செய்யலாம்.

"எனக்கே அவ்வளவு படிப்பு இல்லையே, நான் எப்படிச் சொல்லித் தர்றது?"னு கேக்காதீங்க. ஷிப்ட் முடிஞ்சு வந்து அரை மணி நேரம் பக்கத்துல உக்காருங்க. போன்ல டைமர் வைங்க. முப்பது கேள்வி, முப்பது நிமிஷம். முடிஞ்சதும் தப்பாப் போன ஒவ்வொண்ணுக்கும், "இதை எப்படி யோசிச்ச?"னு மட்டும் கேளுங்க. விடை உங்களுக்குத் தெரிய வேண்டாம். வாயால சொல்லும்போது எங்க தப்பு நடந்துச்சுன்னு பிள்ளைக்கே தெரிஞ்சுடும். நாங்க சாப்ட்வேர்ல பிழை தேடுறதும் பாதி நேரம் இப்படித்தான், பக்கத்து சீட்டு ஆள் கிட்ட விளக்கிச் சொல்லிச் சொல்லியே.

பாஸ் ஆன பிறகு

தலைப்புல சொன்ன விஷயம் இங்கதான் வருது. தேர்வுப் பட்டியல்ல பேர் வந்தா பணம் தானா வந்துடாது. ஒன்பதாவது சேர்ந்ததும் தேசிய உதவித்தொகை இணையதளத்துல பதிவு செய்யணும். பள்ளி சரிபார்க்கணும், அப்புறம் மாவட்டம் சரிபார்க்கணும். அடுத்தடுத்த வருஷம் புதுப்பிக்கணும். கடைசித் தேதியைத் தவறவிட்டா அந்த வருஷப் பணம் சிக்கல்தான்.

ரெண்டு இடத்துல மாட்டும். ஒண்ணு, பேர். பள்ளிப் பதிவுல ஒரு எழுத்து, ஆதார்ல வேற எழுத்து, இன்ஷியல் ஒண்ணுல முன்னாடி, இன்னொண்ணுல பின்னாடி. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் கலந்து இருக்கிற நம்ம பக்கத்துல, ஒரே பேரை ஆங்கிலத்துல மூணு விதமா எழுதியிருப்பாங்க. நமக்கு ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு மூணு பேர். எட்டாவதுலயே இதைச் சரி பண்ணிடுங்க.

ரெண்டாவது, வங்கி. "கணக்குல ஆதார் லிங்க் ஆயிருக்கா?"னு கேட்டா ஆமான்னுதான் சொல்வாங்க. நீங்க கேக்க வேண்டிய கேள்வி வேற: "நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு என்பிசிஐ மேப்பிங் ஆயிருக்கா?" ஆதார் நம்பரைக் கணக்குல சேர்க்கிறது ஒரு வேலை. அரசாங்கப் பணம் எந்த வங்கிக்குப் போகணும்னு குறிக்கிறது இன்னொரு வேலை. ஒரு நேரத்துல ஒரு ஆதாருக்கு ஒரு வங்கிதான் குறிக்க முடியும்.

மார்க்கும் முக்கியம். எட்டாவதுல 55 சதவீதம், பத்தாவதுல 60 சதவீதம் வேணும். எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு ரெண்டுலயும் 5 சதவீதம் தளர்வு. ஒன்பதாவதும் பதினொன்றாவதும் முதல் தடவையிலேயே தேறணும்.

எல்லைப் பக்கத்துக் கணக்கு

இப்போ நம்ம ஊர் விஷயம். எட்டாவது முடிஞ்சதும் ரெண்டு யோசனை வரும். ஒண்ணு, "பத்தாவது வருது, தனியார் பள்ளியில போட்டுடலாம்." இன்னொண்ணு, வேலை அத்திப்பள்ளி, சந்தாபுரா பக்கம் மாறினதும், "பிள்ளையையும் அங்கேயே சேர்த்துடலாம்."

ரெண்டுமே உங்க முடிவு. ஆனா அதோட விலை என்னன்னு தெரிஞ்சு எடுங்க. தனியார் பள்ளிக்கு மாறினா என்எம்எம்எஸ் பணம் நின்னுடும். அதை விடப் பெரிய விஷயம், 7.5 சதவீத இடஒதுக்கீடு. 2020ல மருத்துவப் படிப்புக்கும், 2021ல பொறியியல், வேளாண்மை, சட்டம் மாதிரியான படிப்புகளுக்கும் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டம். அதுக்கு ஆறாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும். நடுவுல ரெண்டு வருஷம் எல்லை தாண்டிப் படிச்சுட்டு வந்தா அந்தக் கதவு மூடிடும். உதவி பெறும் பள்ளியில என்எம்எம்எஸ் கிடைக்கும், ஆனா 7.5 கிடைக்காது. ரெண்டையும் ஒண்ணுன்னு நினைக்காதீங்க. கல்லூரியில மாசம் 1,000 ரூபாய் தர்ற புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் ஆறாவதுல இருந்து எங்க படிச்சாங்கன்னுதான் பாக்குது.

அதனால, டிசி வாங்கப் போறதுக்கு முன்னாடி தலைமை ஆசிரியர்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "இந்தப் பள்ளியை விட்டுப் போனா என் பிள்ளைக்கு எதெல்லாம் நிக்கும்?" அவங்க சொல்றதை ஒரு பேப்பர்ல எழுதி, புதுப் பள்ளியோட கட்டணத்தையும் பக்கத்துல எழுதிப் பாருங்க. வீட்ல எல்லாரும் உக்காந்து பேசி முடிவெடுங்க, பிள்ளையும் கூட இருக்கட்டும்.

இந்த எபிசோடை உங்க பள்ளி பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுல போட்டுவிடுங்க. ஏழாவது படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டுக்குத்தான் இது இன்னும் அதிகமாப் பயன்படும், அவங்க கையில ஒரு வருஷம் இருக்கு. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.