பழைய பிக்கப் வண்டிக்குப் பச்சை கூலண்டா, சிவப்பு கூலண்டா?

பாலக்கோட்டில் தக்காளி ஏற்றிக்கொண்டு, ராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் பெங்களூர் கலாசிபாளையம் மார்க்கெட்டுக்கு வண்டி ஓட்டுகிறார் எனக்குத் தெரிந்த ஒரு தர்மபுரிக்காரர். வண்டி பழைய டீசல் பிக்கப். கடன் வாங்கி, இரண்டாம் கையாக எடுத்தது. சென்ற கோடையில் ஒருநாள் ஓசூர் ஏற்றத்தில் எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. ஹெட் கேஸ்கட் போயிற்று. தக்காளி வெயிலில் வெந்தது. அந்த மாதத் தவணை கட்ட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் என் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். "அண்ணே, கூலண்ட் ஊத்தாமத்தான் இப்படி ஆச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. கடையிலே பச்சை, சிவப்பு, நீலம்னு மூணு வச்சிருக்கான். எதை ஊத்துறது?" என்று கேட்டார்.

பார்சல் ரசீது எழுதுகிறவனுக்கு ரேடியேட்டரைப் பற்றி என்ன தெரியும்? இருவருமாக ஒரு ரேடியேட்டர் பட்டறைக்குப் போனோம். ஈயப் பற்று வைத்தே தலை நரைத்த மேஸ்திரி ஒருவர் அங்கே இருக்கிறார். வேலூர்ப் பக்கத்துக்காரர்.

போர் தண்ணீர் செய்த வேலை

மேஸ்திரி ரேடியேட்டரின் மேல் தொட்டியைக் கழற்றிக் காட்டினார். குழாய்களில் பாதி, வெள்ளைப் படிவத்தால் அடைபட்டிருந்தன. வெந்நீர் அண்டாவின் அடியில் படிகிறதே, அதே உப்புதான். "எந்தத் தண்ணி ஊத்தினே தம்பி?" என்றார். "வழியிலே எங்கே கிடைக்குதோ, அங்கே" என்றார் நம்மவர். பெரும்பாலும் போர்வெல் தண்ணீர்.

கடின நீர் சூடேறினால் அதிலுள்ள சுண்ணாம்பு உப்பு குழாயில் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய படிவமே வெப்பம் வெளியேறுவதைத் தடுத்துவிடும். அத்துடன் வார்ப்பிரும்பு பிளாக் துருப்பிடித்து, அந்தத் துருவும் குழாய்க்கு வந்து சேரும்.

இன்னொன்றும் உண்டு. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 97 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தைக் கட்டிப் பிடிப்பதால்தான் கொதிநிலை இன்னும் 15 டிகிரிக்கு மேல் உயர்கிறது. நம்மவர் வண்டியில் மூடியின் ரப்பர் வாஷரே இல்லை! கூலண்ட் வாங்குமுன் முதலில் மூடியை மாற்றச் சொன்னார் மேஸ்திரி.

நிறத்தை நம்பாதே

பச்சை, சிவப்பு என்பது வெறும் சாயம். எந்த நிறத்தில் எது இருக்க வேண்டும் என்று எல்லாக் கம்பெனிகளும் ஒத்துக்கொண்ட விதி கிடையாது. உள்ளே இருக்கும் துருத்தடுப்பு மருந்து எது என்பதுதான் கேள்வி.

பழைய முறைக் கூலண்டில் சிலிகேட், பாஸ்பேட் போன்ற உப்புகள் இருக்கும். இவை உலோகத்தின் மேல் விரைவில் ஒரு மேலாடை போலப் படிந்து காக்கும். ஆனால் மருந்து சீக்கிரம் தீர்ந்துவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். புதிய முறையில் கரிம அமிலங்கள். ஐந்து ஆண்டு வரைகூட உழைக்கும். விலையும் அதிகம்.

விலை அதிகமானதுதானே நல்லது என்று நம்மவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மேஸ்திரி தலையை ஆட்டினார். பழைய வண்டியில் ரேடியேட்டர் செம்பு, பித்தளை. இணைப்பெல்லாம் ஈயப் பற்று. கரிம அமில வகைகளில் பல, அலுமினியத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. ஈயப் பற்றுக்கு அவை போதிய காப்பு தருவதில்லை. சில வகை பழைய கேஸ்கட்டுகளையும் மெதுவாக்கிவிடும். எனவே இந்த வண்டிக்குப் பழைய முறைக் கூலண்டே போதும் என்றார்.

உங்கள் வண்டி எது என்று அறிய ஒரு சுலபமான அடையாளம்: ரேடியேட்டரின் மேல் தொட்டி பிளாஸ்டிக்காக இருந்தால், பெரும்பாலும் உள்ளே அலுமினியம். தொட்டியும் உலோகமாக இருந்து, ஓரத்தில் ஈயப் பற்று தெரிந்தால் செம்பு, பித்தளை. வண்டியோடு வந்த புத்தகம் கையில் இருந்தால் அதில் சொன்னதே முடிவு. டப்பாவில் ஐ.எஸ். 5759 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒன்றின் மேல் மற்றொன்றை மட்டும் ஊற்றக் கூடாது. இரண்டு மருந்தும் கலந்தால் காப்பு குறையும். சில சமயம் கூழாகித் திரண்டு குழாயை அடைக்கும்.

பேட்டரித் தண்ணீர்

பெங்களூரில் தண்ணீர் உறையப் போவதில்லை, கூலண்ட் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். துருவைத் தடுப்பதுதான் இங்கே அதன் முதல் வேலை. கொதிநிலையையும் அது உயர்த்தும். அதற்காக முழுக்கக் கூலண்டையே ஊற்றுவதும் தவறு. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால், தண்ணீர் அளவுக்கு வெப்பத்தைச் சுமக்காது. பாதிக்கு மேல் போக வேண்டாம். கலந்தே விற்பதும் உண்டு. அதில் மேலும் தண்ணீர் சேர்க்கத் தேவையில்லை. கலக்கவேண்டிய ரகமாக இருந்தால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான் சேர்க்க வேண்டும். எங்கள் ரயில்வே டீசல் ஷெட்டுகளிலும் எஞ்சினுக்குக் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றுவதில்லை. உப்பு நீக்கிய தண்ணீரில் மருந்து கலந்துதான் ஊற்றுகிறார்கள்.

ரேடியேட்டரைச் சுத்தம் செய்தபின் பட்டறையில் நம்மவர் இரண்டு சிறு கசிவுகளைப் பார்த்து அலறினார். இதுவரை ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்ததே உப்புப் படிவம்தான்! மேஸ்திரி பற்று வைத்தார். பழைய மெக்கானிக் எவரோ தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருந்தார். சூடு குறையும் என்று பலர் செய்கிற காரியம் இது. எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் டீசலைக் குடிக்கும். அதையும் புதிதாகப் போட்டார்கள்.

எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. முகம் வெந்த டிரைவர்களை மேஸ்திரி நிறையப் பார்த்திருக்கிறார்.

வடித்த பழைய கூலண்டை என்ன செய்வது? நம்மவர் அதைக் காலிக் குளிர்பான பாட்டிலில் பிடிக்கப் போனார். மேஸ்திரி கையைத் தட்டிவிட்டார். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். ஆனால் கொடிய விஷம், சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். தெருநாய் நக்கினாலும் செத்துப்போகும். வீட்டில் குழந்தைகள் பார்த்தால் சர்பத் என்று குடித்துவிடுவார்கள். மூடியுள்ள பழைய எண்ணெய் டின்னில் ஊற்றி, மேலே "விஷம்" என்று பெயிண்டால் எழுதி, பட்டறையிலேயே வைத்துக்கொண்டார்.

இப்போது வண்டியில் இரண்டு கேன் டிஸ்டில்டு வாட்டர் இருக்கிறது. கூலண்ட் ஊற்றிய தேதியை டேஷ்போர்டில், பிள்ளையார் படத்துக்குக் கீழே சுண்ணாம்பால் எழுதி வைத்திருக்கிறார்.