ஊர் திரும்பிய பின்னும் மனம் பாரமாக இருந்தால்

1990, 1991 ஆம் ஆண்டுகளில் தீவகத்தில் போர் நடந்தபோது புளியங்கூடல், சரவணை, நாரந்தனை, கரம்பன் ஆகிய ஊர்களிலிருந்து பல குடும்பங்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியேறின. பின்னர் யாழ்ப்பாணம், வன்னி, தமிழ்நாட்டு முகாம்கள் என்று இடம் மாறி மாறி வாழ்ந்தன. "ஊருக்குப் போனால் எல்லாம் சரிவரும்" என்ற நம்பிக்கைதான் பலரைத் தாங்கியது.

இப்போது ஊருக்கு வந்துவிட்டீர்கள். ஆனால் வளவில் வடலியும் பற்றையும் வளர்ந்திருக்கின்றன. வீட்டுக்குக் கூரை இல்லை. கிணறு தூர்ந்து கிடக்கிறது. பக்கத்து வளவுக்காரர் வெளிநாட்டில். ஓடித்திரிந்த காலத்தில் அழுவதற்குக்கூட நேரம் இருக்கவில்லை. ஓரிடத்தில் அமர்ந்ததும் அடக்கி வைத்த துயரம் மேலே வருகிறது. இதனால்தான் சிலருக்கு ஊர் திரும்பிய பின்னரே மனச்சோர்வு தொடங்குகிறது. இது உங்கள் குற்றம் அல்ல. விசரும் அல்ல. சிகிச்சையால் குணமாகக்கூடிய ஒரு நோய்.

கவலையா, மனச்சோர்வா?

இழப்புக்குப் பின் கவலை வருவது இயல்பு. கீழே உள்ளவற்றில் பல, 2 வாரங்களுக்கு மேல், ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் இருந்தால் உதவி தேட வேண்டும்.

• மனம் எப்போதும் பாரமாக இருத்தல், முன்பு விரும்பியவற்றில் நாட்டம் இல்லாமை
• நித்திரை வராமை, விடியப்புறம் விழித்துக்கொள்ளல், அல்லது அளவுக்கு மிஞ்சிய நித்திரை
• சாப்பாடு மனமில்லாமை, உடல் மெலிதல்
• களைப்பு, யோசனை, மறதி
• "என்னால்தான் எல்லாம்" என்ற குற்ற உணர்வு
• வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம்

எமது மக்களில் பலருக்கு இது தலையிடி, உடம்பு உளைவு, நெஞ்சு அடைப்பது போன்ற உணர்வு என்று உடலிலேயே முதலில் தெரிகிறது. ஆண்களில் கோபமாகவும் குடியாகவும் வெளிப்படலாம். மாதக்கணக்கில் பனடோல் போட்டும் மாறாத நோவு இருந்தால், மனநிலையையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

காணாமற்போனவர்களின் குடும்பங்கள்

இறந்தவருக்கு எட்டும் அந்தியேட்டியும் செய்கிறோம். ஊர் கூடி அழுகிறது. அது மனதை ஆற்றுகிறது. காணாமற்போனவருக்கு அதைச் செய்ய முடிவதில்லை. காத்திருப்பதா, மறப்பதா என்று மனம் இழுபடுகிறது. இக்குடும்பங்களிடம் "இனி மறந்துவிடு" என்று சொல்லாதீர்கள். "வருவார்" என்று உறுதியும் சொல்லாதீர்கள். அவரைப் பற்றிப் பேச இடம் கொடுங்கள், கேளுங்கள். அது போதும்.

வீட்டில் செய்யக்கூடியவை

• நாளுக்கு ஒரு சிறு வேலை: வளவின் ஒரு மூலையைத் துப்புரவாக்குதல், இரண்டு கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுதல். மனம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வேலையைத் தொடங்கினால் மனம் பின்னால் வரும்.
• ஒரே நேரத்தில் எழும்புதல், சாப்பிடுதல், படுத்தல்.
• பொழுதுபட முன் சிறிது நடத்தல்.
• நம்பிக்கையான ஒருவருடன் பேசுதல். கோயில், தேவாலயம், மாதர் சங்கம் என்று ஆட்கள் கூடும் இடத்துக்குப் போதல்.
• மெதுவாக மூச்சை இழுத்து விட்டபடி, "ஓம்" என்றோ செபமாலையின் ஒரு சொல்லையோ திரும்பத் திரும்பச் சொல்லுதல். யாழ்ப்பாணத்தில் உளமருத்துவராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், எமது சமயங்களில் உள்ள இத்தகைய பழக்கங்களைச் சிகிச்சையோடு சேர்த்துப் பயன்படுத்தலாம் என்று வலியுறுத்தி வந்தவர்.
• கள்ளு, சாராயம் தவிர்த்தல். குடித்தால் நித்திரை வருவது போலத் தோன்றும். ஆனால் சோர்வு கூடும்.

உளவளத்துணையும் மருந்தும்

உளவளத்துணையாளர் உங்களுக்குப் புத்திமதி சொல்பவர் அல்ல. நீங்கள் சொல்வதைக் கேட்டு, வழியை நீங்களே கண்டுகொள்ள உதவுபவர். சோர்வு கடுமையாக இருந்தால் வைத்தியர் மருந்தும் தருவார். மனச்சோர்வுக்கான மருந்து உடனே வேலை செய்யாது. பலன் தெரிய 2 முதல் 4 வாரம் எடுக்கும். முதல் நாட்களில் ஓங்காளம், வாய் உலர்தல் வரலாம், பெரும்பாலும் குறைந்துவிடும். இம்மருந்துகள் போதைக்கு அடிமையாக்குபவை அல்ல. சுகம் வந்ததும் நீங்களாக நிறுத்த வேண்டாம். நோய் திரும்பாமல் இருக்க மேலும் 6 மாதமாவது, சிலர் அதற்கு மேலும் எடுக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் அதை வைத்தியரிடம் முதலில் சொல்ல வேண்டும்.

உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால்

ஒருவர் சாவைப் பற்றிப் பேசினால் நேரே கேளுங்கள்: "சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. அவரைத் தனியே விடாதீர்கள். தோட்டத்துக்கு அடிக்கும் மருந்துகளை வீட்டுக்கு வெளியே பூட்டி வையுங்கள். 1995 அளவில் தற்கொலை வீதம் உலகில் மிகக் கூடிய நாடுகளில் இலங்கையும் ஒன்றாக இருந்தது. கொடிய நஞ்சுள்ள பூச்சிகொல்லிகள் தடை செய்யப்பட்ட பின் அது பாதிக்கு மேல் குறைந்தது. ஆபத்தான பொருள் கைக்கு எட்டாவிட்டால் அந்தப் பொல்லாத நேரம் கடந்து போகும், உயிர் தப்பும்.

எங்கே போவது?

• உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலக உளவளத்துணை உத்தியோகத்தரிடமோ முதலில் சொல்லலாம்.
• ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் வைத்தியரைக் காணலாம். தேவையானால் அவர் மேலே அனுப்புவார்.
• யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் உள்ளன. அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம்.
• யாழ்ப்பாணத்தில் உள்ள சாந்திகம் நிலையத்தில் உளவளத்துணை பெறலாம்.
• அவசரத்துக்கு: தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் 1926.

"ஊர் என்ன சொல்லும், பிள்ளையின் கலியாணம் குழம்பிவிடுமோ" என்று பயந்து பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். தனியே போகத் தயங்குபவருடன் நீங்கள் பஸ்ஸில் கூடவே போய் வாருங்கள். வீட்டுக்குக் கூரை போடுவது போலவே இதுவும் மீள்குடியேற்றத்தின் ஒரு வேலைதான்.